உயிரைக் கொடுக்கும் நாயகன்: மிகுபுனைவு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிகுபுனைவுக் கதை, அதாவது மந்திரமும் மாய உலகமும் வரும் கதை, எழுத உட்காருகிறவர்களில் பலர் முதலில் படைப்பது, பிறருக்காகத் தன்னையே கொடுத்துவிடும் நாயகனைத்தான். கொடையாளிகளைக் கொண்டாடும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. ஆனால் கைப்பிரதியாகப் படிக்கும்போது அடிக்கடி உயிரில்லாமல் போகிறவனும் இவனேதான். கடைசி அத்தியாயத்தில் மாண்டுபோவான். சுற்றி நிற்பவர்கள் கதறுவார்கள். வாசகருக்கு மட்டும் எதுவும் ஆகாது.

இதற்குப் பின்னால் இருக்கும் தவறுகள் பலவாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எழுதுகிறவர் கொடுப்பவனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கொடையை வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள், அதைச் சுமந்துகொண்டு மிச்ச நாளை வாழ வேண்டியவர்கள், கதையில் ஒப்புக்குத்தான் நிற்கிறார்கள்.

பேச வசதியாக ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் செழியன். பிறர் உடம்பில் உள்ள காயத்தை அவன் தொட்டால், அது அவனுக்கு வந்துவிடும், அவர்கள் குணமாகிவிடுவார்கள். அவனுக்கு யாழினி என்று ஒரு தங்கை இருக்கிறாள். வடக்கிலிருந்து ஒரு கொடுங்கோலனின் படை வந்துகொண்டிருக்கிறது.

ஆசையே இல்லாதவனாக எழுதுவது

தியாகி என்றால் பற்றற்றவன் என்று முடிவுகட்டி, அவனுக்குச் சொந்தமாக ஒரு விருப்பமும் வைக்காமல் விடுவதுதான் பரவலான தவறு. தனக்கென்று எதுவுமே வேண்டாதவன் உயிரைக் கொடுத்தாலும் வாசகர் மனத்தில் அது இழப்பாகப் பதியாது. அவன் எதை விட்டுப் போகிறான் என்று நமக்குத் தெரிய வேண்டும். ‘வாழ்க்கை’, ‘எதிர்காலம்’ போன்ற பெரிய சொற்கள் இங்கே உதவாது.

செழியன் யாழ் செய்கிறவனாக இருக்கட்டும். பாதி முடித்த யாழ் ஒன்று வீட்டில் கிடக்கிறது. ஒரு சிறுவனின் நசுங்கிய விரல்களை அவன் தொட்டுக் குணமாக்குகிறான். ‘தன் வலியைப் பொருட்படுத்தாமல் பிறர் துயர் துடைத்தான்’ என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். பல கைப்பிரதிகள் அப்படித்தான் போகின்றன. அதற்குப் பதில், அன்றிரவு அவன் யாழில் நரம்பைக் கட்ட உட்காரட்டும். சுட்டுவிரல் மடங்கவில்லை. இடக்கையால் முயன்று பார்க்கிறான். முறுக்கிய நரம்பு நழுவிப் பிரிகிறது. யாழைத் துணியில் சுற்றிப் பரணில் வைக்கிறான். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தங்கையிடம் சொல்கிறான். அவன் என்ன இழந்தான் என்பது வாசகருக்கும் யாழினிக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடுகிறது. பின்னால் அவன் உயிர் போகும்போது, அந்தப் பரணும் சேர்ந்துதான் கனக்கும்.

பாரதப் போரில் களப்பலியாகும் அரவானைத் தமிழ்க் கதை மரபு வெறும் பலியாளாக விட்டுவிடவில்லை. தலையைக் கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகும் அவன் வரம் கேட்கிறான். ஒரு வடிவத்தில் போரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறான். இன்னொன்றில் சாவதற்கு முன் மணம் முடிக்க வேண்டும் என்கிறான். அந்த ஆசைகள் இருப்பதால்தான் அவன் சாவு இன்றைக்கும் மனத்தை அறுக்கிறது.

பாராட்டையே பலவீனமாக்குவது

‘அவனிடம் உள்ள ஒரே குறை, அளவுக்கு மீறி நல்லவனாக இருப்பது’ என்று எழுதுகிறவர்கள் நாயகனுக்குக் குறையே வைக்கவில்லை என்று பொருள். தன்னைக் கொடுக்கும் குணத்துக்குள்ளேயே உண்மையான பலவீனங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து கோபமோ குடியோ கொண்டுவந்து ஒட்ட வேண்டிய தேவை இல்லை.

முதலாவது, அவன் என்ன செய்வான் என்பதை யாரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரு குழந்தையின் கழுத்தில் கத்தியை வைத்தால் போதும், செழியன் தானாக நடந்து வந்து சரணடைவான். இதைத் தெரிந்துகொள்ளாத வில்லன் முட்டாள். தெரிந்தும் பயன்படுத்தாத வில்லனை எழுதியவர் சோம்பல்படுகிறார். கர்ணன் கதையில் இது எவ்வளவு கூர்மையாக இருக்கிறது பாருங்கள். கேட்பவருக்கு இல்லை என்று சொல்லாதவன் என்பது ஊரறிந்த செய்தி. அதனால்தான் இந்திரன் அந்தணர் வேடத்தில் வந்து கவசத்தையும் குண்டலத்தையும் கேட்கிறான். எதிரி வாளெடுத்துத் தாக்கவில்லை, அவனுடைய நற்குணத்தின் வழியாகவே உள்ளே வந்துவிட்டான்.

அந்தக் கதையில் இன்னொன்றும் உண்டு. இப்படி ஒருவன் வரப்போகிறான் என்று சூரியன் கர்ணனைக் கனவில் எச்சரிக்கிறான். கொடுத்தால் சாவு என்று தெரிந்தும் கர்ணன் மறுக்க மாட்டேன் என்கிறான். காரணம் கேட்டால், உயிரைவிடப் புகழ் பெரிது என்கிறான். வியாசரின் பாரதத்தில் இது ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. கொடைக்குள் புகழாசையும் இருக்கிறது. கவசத்துக்கு ஈடாக அவன் ஒரு சக்தி ஆயுதத்தையும் இந்திரனிடம் கேட்டு வாங்குகிறான்; ஒரே ஒருமுறை பயன்படும் அந்த ஆயுதம் பிறகு அர்ச்சுனனுக்காகக் காத்திருந்து, கடோற்கசன் மேல் செலவாகிப் போகிறது. கர்ணனின் கொடை இதனால் சிறுத்துவிட்டதா? இல்லை. அவன் ஆளாகத் தெரிகிறான். உங்கள் நாயகனின் நோக்கத்தையும் வெளுத்துச் சுத்தமாக்கிவிடாதீர்கள். செழியனுக்குத் தன்னை எல்லோரும் தேட வேண்டும் என்ற ஏக்கம் இருக்கலாம். காயம்பட்ட யாரும் வராத நாளில் அவன் அமைதியிழந்து திரியலாம்.

இரண்டாவது பலவீனம் இன்னும் ஆழமானது, கைப்பிரதிகளில் ஏறக்குறைய கண்ணிலேயே படாதது: தியாகி பிறருக்கும் சேர்த்து முடிவெடுத்துவிடுகிறான். யாழினிக்கு மார்பில் அம்பு பாய்கிறது. அவள் வேண்டாம் என்று கையைத் தள்ளிவிடுகிறாள். அவன் தொட்டுவிடுகிறான். ஆசிரியர் இதை அன்பின் உச்சமாக எழுதிவிட்டு நகர்வது வழக்கம். யாழினி பிழைத்து எழுந்து, ‘உன்னை யார் கேட்டார்கள்? இனி நான் எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தாய்?’ என்று கேட்டால் செழியனிடம் பதில் இருக்காது. கேட்காமல் கொடுக்கப்பட்ட உயிர் வாங்கியவள் மேல் கடனாக ஏறிவிடுகிறது. அந்தக் கோபத்தை நன்றிகெட்டதனமாகக் காட்டாமல், அவளுக்கும் நியாயம் இருக்கிறது என்று எழுதினால் கதை சட்டென்று நிமிர்ந்து உட்காரும்.

வாங்குகிறவருக்கு மறுக்கவும் உரிமை உண்டு என்பதைப் புறநானூற்றின் 165ஆம் பாடலைவிடச் சுருக்கமாகச் சொன்ன ஒன்று என் நினைவில் இல்லை. நாட்டைத் தம்பியிடம் இழந்து குமணன் என்ற வள்ளல் காட்டில் இருக்கிறான். அவன் தலைக்குத் தம்பி விலை வைத்திருக்கிறான் என்பது கதை. பரிசில் கேட்டு வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாததால், தலையைக் கொண்டுபோகச் சொல்லி வாளை நீட்டுகிறான். புலவர் வாளை வாங்கிக்கொள்கிறார், தலையைத் தொடவில்லை. அந்த வாளோடு நேரே தம்பி இளங்குமணனிடம் போய் நடந்ததைப் பாடுகிறார். கொடையின் பெருமை ஒரு துளியும் குறையவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தீர்மானித்தவர் வாங்க வந்தவர்.

மூன்றாவதாக, தன் உயிரைத் துச்சமாக நினைப்பவன் கூட இருப்பவர்களுக்கும் ஆபத்து. காவல் வேலையில் அவனை நம்பி நிறுத்த முடியாது. எங்கேயாவது அலறல் கேட்டால் இடத்தை விட்டு ஓடிவிடுவான். தோழர்கள் எதிரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும், இவனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த எரிச்சலைப் பேசும் ஒரு தோழன் கதையில் கட்டாயம் வேண்டும்.

பலத்தை வீணாக்குவது

பலவீனத்தை மறைப்பது போலவே, இவனுடைய உண்மையான பலத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் நடக்கிறது. அஞ்சாமை அவன் பலம் என்று எழுதுகிறார்கள். அஞ்சாதவர்கள் வில்லன் பக்கத்திலும் நிறையப் பேர் உண்டு. தன்னலத்தை வைத்தே உலகத்தை அளக்கிற எதிரியால் இவனைக் கணிக்க முடியாது என்பதுதான் இவனுடைய தனிப் பலம். 1954–55இல் வெளிவந்த டோல்கினின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முழுக்க இந்தக் குருட்டுப் புள்ளியின் மேல்தான் நிற்கிறது. இவ்வளவு ஆற்றலுள்ள மோதிரத்தை ஒருவர் அழிக்க நினைப்பார் என்பது அதை உருவாக்கிய கொடிய தலைவன் சாரோனின் சிந்தையிலேயே எழவில்லை. ஆகவே மோதிரத்தை அழிக்கக்கூடிய எரிமலையின் வாசலை அவன் காக்கவில்லை.

அதே நாவலில், மோதிரத்தை அழிக்கக் கிளம்பி எரிமலையின் விளிம்பு வரை போன நாயகன் ஃபிரோடோவால் கடைசி நொடியில் மோதிரத்தை எறிய முடியவில்லை, தனக்கே என்கிறான். மோதிரத்துக்காக ஏங்கித் திரியும் கொல்லம் என்பவன் அவன் விரலைக் கடித்துப் பறித்துக்கொண்டு தவறி விழுந்ததால்தான் மோதிரம் அழிகிறது. கொல்லம் அங்கே உயிரோடு இருந்ததற்குக் காரணம், வழியில் ஃபிரோடோ அவனிடம் காட்டிய இரக்கம். கடைசிச் செயலில் தோற்றவனை முன்பே செய்த ஒரு சின்னச் செயல் காப்பாற்றுகிறது. உச்சக்கட்டத்தில் நாயகன் தடுமாறக் கூடாது என்று நினைப்பவர்கள் இந்த அமைப்பை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விலையைக் கடைசியில் சொல்வது

மந்திரம் உள்ள கதையில் தியாகத்துக்கு ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ‘இந்த முத்திரையை மூட ஓர் உயிர் வேண்டும்’ என்று கிழவர் ஒருவர் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் வந்து அறிவித்தால், விலையை ஆசிரியர் அப்போதுதான் ஒட்டினார் என்பது தெரிந்துவிடும். செழியன் சிராய்ப்பை வாங்கினால் சிராய்ப்பு, எலும்பு முறிவை வாங்கினால் எலும்பு முறிவு என்று சிறியதிலிருந்து ஏறிக்கொண்டே போங்கள். அம்பு வரும்போது யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

மற்ற வழிகளை அடைக்காமல் விடுவதும் இதோடு சேர்ந்ததே. பறக்கும் குதிரை ஒன்றை ஐந்தாம் அத்தியாயத்தில் காட்டிவிட்டு இருபதாம் அத்தியாயத்தில் நாயகனைத் தீக்குள் இறக்கினால், குதிரை எங்கே என்றுதான் வாசகர் கேட்பார். அந்த வழி அடைபட்டதற்கு நாயகன் முன்னால் எடுத்த ஒரு முடிவு காரணமாக இருந்தால் இன்னும் நல்லது.

சாக விரும்புகிறவனைத் தியாகி என்பது

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாழ்வே வேண்டாம் என்ற மனநிலையில் இருப்பவன் பிறருக்காக உயிரை விட்டால், அதை வீரமாகப் பாடக் கூடாது. அது நோயுற்ற மனத்தின் கதை. பார்த்து, பிடித்து நிறுத்த வேண்டிய கதை. படிக்கிறவர்களில் அதே நிலையில் இருப்பவர்களும் உண்டு. ‘நான் போய்விட்டால் எல்லோருக்கும் நல்லது’ என்று செழியன் சொல்லும் இடம் வந்தால், அதை மறுத்துப் பேச ஓர் ஆளையாவது பக்கத்தில் வையுங்கள். வாழ ஆசைப்பட்டு, வேறு வழி தேடித் தேடி அலுத்து, கடைசியில் கொடுக்கிறவனை எழுதுங்கள்.

இதற்கு மறுகோடியில், செத்தவனை அடுத்த அத்தியாயத்திலேயே எழுப்பிவிடுவது இருக்கிறது. அவன் திரும்பி வரலாம், ஆனால் முன்பிருந்தவனாகவே வரக் கூடாது. உயிரோடு ஊர் திரும்பிய ஃபிரோடோவுக்குக்கூட அங்கே நிம்மதியாக வாழ முடியாமல் கடல் கடந்து போக வேண்டியிருந்தது.

நாயகனுக்குத் துக்கம் வேண்டும் என்பதற்காக அவன் தாயையோ காதலியையோ பலி கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்குத் தேர்வே இல்லை, எனவே அது தியாகமும் இல்லை. தீயவன் ஒருவனை நல்லவனாக்கக் கடைசியில் அவனை மாளவைப்பதும் அப்படியே. அவனால் பாதிக்கப்பட்டவர்களை அவன் நேரில் பார்த்துப் பதில் சொல்வதுதான் கடினமான அத்தியாயம். சாவு அவனை அதிலிருந்து தப்ப வைத்துவிடுகிறது.

திருத்தும்போது ஒன்று செய்து பாருங்கள். உயிர் கொடுக்கும் அத்தியாயத்தை முழுக்க யாழினியின் பார்வையிலிருந்து தனித் தாளில் எழுதுங்கள். எழுத நான்கு வரிக்கு மேல் வரவில்லை என்றால், கோளாறு அந்த அத்தியாயத்தில் இல்லை. முதல் பாதிக்குத் திரும்பிப் போய் அவளுக்கென்று ஒரு வேலையையும் அண்ணனோடு ஒரு சண்டையையும், அவன் உதவியை அவள் மறுத்து வென்ற ஒரு சந்தர்ப்பத்தையும் வைத்துவிட்டு, பிறகு உச்சக்கட்டத்துக்கு வாருங்கள். அவன் போன பிறகு வரும் அத்தியாயங்களையும் அப்போதே திட்டமிடுங்கள். இறுதிச் சடங்கோடு நிறுத்தினால் அவன் தோழர்களை யார் நடத்தினார்கள், அந்தக் கொடுங்கோலனோடு யாழினி என்ன செய்தாள் என்பதெல்லாம் எழுதாமலே போய்விடும்.