ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் இருக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிவது எப்படி?

சித்திரை வெயிலுக்கு அஞ்சிப் பனகல் பூங்காவின் மரத்தடியில் ஒதுங்குகிறவர் நிழலில் நிற்கிறார். மாலையில் மெரினா மணலில் கடலை நோக்கி நடக்கிறவருக்கு முன்னால் அவருடைய நிழல் நீண்டு செல்கிறது. தமிழில் இரண்டும் நிழல்தான். ஆங்கிலத்தில் முதலாவது 'ஷேட்', இரண்டாவது 'ஷேடோ'. வெயில் படாத இடம் 'ஷேட்'. அதில் உட்காரலாம், படுக்கலாம், ஆனால் ஒன்று இரண்டு என்று எண்ண முடியாது. ஒளியை மறித்த பொருளின் உருவம் தரையிலோ சுவரிலோ விழுந்தால் அது 'ஷேடோ'. அதற்கு வடிவம் உண்டு, எண்ணிக்கையும் உண்டு. மரத்தின் 'ஷேடோ'வில் இளைப்பாறியதாக ஒரு மாணவர் எழுதினால் பொருள் விளங்கிவிடும். ஆனால் வெயிலுக்கு ஒதுங்கிய இதம் அந்தச் சொல்லில் வராது.

பெரம்பூரில் மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவரும் எனக்கு, இத்தகைய பிழைகள் மாணவர்களின் கவனக்குறைவால் வருவதாகத் தோன்றவில்லை. 'ஷேட்' என்றால் நிழல், 'ஷேடோ' என்றாலும் நிழல் என்று மனப்பாடம் செய்தவரால் இரண்டையும் எப்படிப் பிரிக்க முடியும்? ஆகவே வழக்கமான திசையைத் திருப்பிவிடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்லைத் தலைப்பாக எழுதி, அதற்கு ஈடாக நீங்கள் சந்தித்த ஆங்கிலச் சொற்களையெல்லாம் அதன் கீழே சேர்த்துவையுங்கள். பிறகு, இவற்றைப் பிரிக்கும் கேள்வி எது என்று தேடுங்கள். பொருளை எழுதுவதைவிட அந்தக் கேள்வியை எழுதிவைப்பதுதான் முக்கியம்.

'கேள்' என்ற சொல்லில் தொடங்குவது நல்லது. அதன் கீழே 'ஹியர்', 'லிஸன்', 'ஆஸ்க்' ஆகிய மூன்றும் வந்து சேரும். ஒலி தானாக வந்ததா, நாம் செவி கொடுத்தோமா என்பதே முதல் இரண்டையும் பிரிக்கும் கேள்வி. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி நம் காதில் விழுவது 'ஹியர்'. மார்கழி மாதத்தில் சபாவில் அமர்ந்து கச்சேரி கேட்பது 'லிஸன்'. எழும்பூர் ரயில் நிலையத்தில் அறிவிப்பு காதில் விழுந்தும் நடைமேடை எண்ணைத் தவறவிட்ட ஒருவர், 'ஹியர்' செய்தார், 'லிஸன்' செய்யவில்லை. 'லிஸன்' என்பதற்குப் பின்னால் 'டு' வருவதையும் இதனோடு சேர்த்து நினைவில் வைக்கலாம். செவி ஒன்றை நோக்கிச் செல்வதால் அந்தச் சிறு சொல் தேவைப்படுகிறது. மூன்றாவதான 'ஆஸ்க்' காதின் வேலையல்ல, வாயின் வேலை. அதிலும் ஒரு பிரிவு உண்டு: கடைக்காரரிடம் விலையைக் கேட்பது 'ஆஸ்க்', குடிக்கத் தண்ணீர் கேட்பது 'ஆஸ்க் ஃபார்'. பதிலாகச் செய்தி வருமா, பொருள் வருமா என்று பார்த்தால் தடுமாற்றம் தீர்ந்துவிடும். காதில் விழுதல், காது கொடுத்துக் கேட்டல், வினவுதல் என்று தமிழிலேயே இந்த வேறுபாடுகள் எல்லாம் இருக்கின்றன என்பதை மாணவர்களுக்குக் காட்டும்போது அவர்கள் முகத்தில் வரும் தெளிவு எனக்கு மிகவும் பிடித்தமானது.

பெயர்ச்சொற்களில் நமக்கு மிக அருகில் இருப்பது 'துறைமுகம்'. 'போர்ட்', 'ஹார்பர்' இரண்டுக்கும் அந்த ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். அலையிலிருந்து காப்பு கிடைக்கும் நீர்ப்பரப்பு 'ஹார்பர்'. சரக்கும் பயணிகளும் ஏறி இறங்கும் வணிக வாயில் 'போர்ட்'. இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் அமைவதால் குழப்பம் வருகிறது. ஆனால் சென்னையின் வரலாற்றில் இவை நெடுங்காலம் பிரிந்தே இருந்தன. 1639-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பெற்றதிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கடல் வணிகம் நடந்தது, கப்பல்கள் ஒதுங்க இடம் மட்டும் இல்லை. அவை திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1870-களில் கட்டத் தொடங்கிய அலைதடுப்புச் சுவர்களை 1881-ல் வீசிய புயல் உடைத்துப்போட்டது. அதுவரையிலான சென்னை, 'ஹார்பர்' இல்லாத 'போர்ட்' என்று சொன்னால் வேறுபாடு எளிதில் மறக்காது. இன்றைய பெயர்களிலும் இது தெரிகிறது: படகுகள் ஒதுங்கும் காசிமேடு 'ஃபிஷிங் ஹார்பர்', சரக்குக் கப்பல்கள் வரும் எண்ணூர் 'காமராஜர் போர்ட்'. மீனம்பாக்கத்தில் இருப்பது 'ஏர்போர்ட்'. அதை 'ஏர்ஹார்பர்' என்று யாரும் சொல்வதில்லை. குற்றவாளிக்குப் புகலிடம் தருவதற்கும் மனத்தில் பகையை வளர்த்துவருவதற்கும் 'ஹார்பர்' வினைச்சொல்லாக வருவதைப் பார்த்தால், காப்பு என்ற பொருள் அதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது விளங்கும்.

வாடகை தொடர்பான சொற்களில் கூடுதல் கவனம் தேவை. இங்கே பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. 'ரென்ட்' என்பது கொடுக்கும் வாடகைப் பணம். 'லீஸ்' என்பது குறிப்பிட்ட காலத்துக்கு இடத்தை விடும் ஒப்பந்தம். ஆனால் சென்னையில் லீசுக்கு வீடு என்றால், பெருந்தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அத்தொகையைத் திரும்பப் பெறுவதாகும். லண்டனில் இருக்கும் நண்பருக்கு வீட்டை 'லீஸ்' எடுத்திருப்பதாக எழுதினால், நீங்கள் மாதாமாதம் வாடகை கட்டிவருவதாகவே அவர் எண்ணிக்கொள்வார். அட்வான்ஸ் என்ற சொல்லும் இப்படித்தான். கொடுக்க வேண்டிய தொகையில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுப்பது 'அட்வான்ஸ்'. பாதுகாப்புக்காகக் கொடுத்துப் பின்னர் திரும்பப் பெறுவது 'டெபாசிட்'. வீட்டு உரிமையாளரிடம் நாம் கொடுப்பது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டமும் 'செக்யூரிட்டி டெபாசிட்' என்றே குறிப்பிடுகிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத நிலையில் அது மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. பேச்சில் அட்வான்ஸ் என்று சொல்வதில் தவறில்லை. ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பந்தத்தில் மட்டும், திரும்ப வர வேண்டிய பணத்துக்கு 'டெபாசிட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஒரே வேரிலிருந்து வந்து ஈற்றில் மட்டும் மாறும் இணைகளும் உண்டு. பொருளாதாரம் தொடர்பானது 'எக்கனாமிக்', சிக்கனமானது 'எக்கனாமிகல்'. அரசின் கொள்கை முன்னது, ஷேர் ஆட்டோவில் போவது பின்னது. வரலாற்றில் இடம்பெறத்தக்க சிறப்புடையது 'ஹிஸ்டாரிக்', வரலாறு தொடர்பானது எதுவும் 'ஹிஸ்டாரிகல்'. இதிலிருந்து ஈற்றை வைத்துப் பொது விதி ஒன்றை உருவாக்கிவிடாதீர்கள். ஒவ்வோர் இணையையும் தனியாகத்தான் கற்க வேண்டும்.

பக்கம் நிரம்பியதும் சோதனை செய்யுங்கள். நீங்கள் அன்றாடம் காணும் ஒரு காட்சியை வைத்து ஒரு வாக்கியம் எழுதி, அதில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றதைப் பொருத்துங்கள். வாக்கியம் உடைகிறதா, பொருள் மாறுகிறதா, எதுவும் ஆகவில்லையா என்று பாருங்கள். எதுவும் ஆகவில்லை என்றால், இன்னும் சரியான காட்சி கிடைக்கவில்லை என்று பொருள். அல்லது அந்த இடத்தில் இரண்டு சொற்களும் உண்மையாகவே பொருந்தும். எது என்று தீர்மானிக்க, கற்போருக்கென்று எழுதப்பட்ட ஆங்கிலம்–ஆங்கில அகராதி ஒன்றை எடுத்து, விளக்கத்தைவிட எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படியுங்கள். வீட்டில் அகராதி இல்லாதவர்கள் கன்னிமாரா நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். கிடைத்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளாமல், அதில் உங்கள் தெருவையும் உங்கள் வீட்டாரையும் வைத்து மாற்றி எழுதி, தேதியிட்டு, அடுத்த வாரம் அந்தப் பக்கத்தை மூடிவைத்தபடி மறுபடியும் எழுதிப் பாருங்கள்.