குட்டிகளின் நுரையீரல் காயத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டுக்குட்டி, எலிக்குட்டிகளில் நுரையீரல் காயத்தை ஆராயச் சேலத்தில் எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்கள், நாங்கள் பழகிய காலத்தில் நடந்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். லேபிள் ஒட்ட மறப்பது, உறைந்த மாதிரியைப் பலமுறை உருக்குவது போன்றவை எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

லவாஜ் நீரின் அளவைக் குறிக்காமல் விடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். லவாஜ் என்றால் நுரையீரலுக்குள் சலைன் விட்டுக் கழுவி, திரும்ப உறிஞ்சுவது. வந்த நீரில் புரதமும், அழற்சியைக் காட்டும் இன்டர்லியூக்கின்-6-உம் மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்று நோட்டில் இருக்கும். உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது என்பது இருக்காது.

மேச்சேரி இனச் செம்மறி ஆட்டுக்குட்டிகளை வைத்துச் செய்த ஒரு மாணவருக்கு, காயம்பட்ட குட்டிகளைவிட நல்ல குட்டிகளில் புரதம் அதிகம் என்று வந்தது. துருவிக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. காயம்பட்ட நுரையீரல் சலைனைச் சரியாகத் திருப்பித் தராது. நீர் போதவில்லை என்று அந்தக் குட்டிகளுக்கு மட்டும் இன்னொரு முறை சலைன் விட்டிருக்கிறார். காயம் எங்கே அதிகமோ அங்கேயே மாதிரி நீர்த்துப்போயிற்று. மொத்தத் தொகுதியும் வீண். அத்தனை குட்டிகளின் உயிரும் அதில் போயிற்று, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எடைக்கேற்ற ஒரே அளவு, ஒரே எண்ணிக்கையில் விடுங்கள். அதே நேரத்தில் ரத்தமும் எடுத்து, இரண்டிலும் யூரியா என்ற கழிவுப்பொருளைப் பாருங்கள். யூரியா சவ்வுகளை எளிதில் கடக்கும் என்பதால், நீர் எத்தனை மடங்கு நீர்த்தது என்று அந்த விகிதம் காட்டும். ஆனால் சலைன் உள்ளே அதிக நேரம் நின்றால் ரத்தத்திலிருந்து யூரியா கசிந்து கணக்கைக் கெடுக்கும். கசியும் நுரையீரலில் இது இன்னும் வேகம். அதனால் யூரியாவை மட்டும் நம்பாமல், லவாஜ் நீரில் உள்ள ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ரத்த ஆல்புமினோடும் ஒப்பிடுங்கள். அப்புறம், கழுவிய நுரையீரலில், தேங்கிய நீரைக் காட்டும் ஈர எடை, உலர் எடை பார்க்க முடியாது. நுரையீரலின் ஒரு மடலை (ஒரு பகுதியை) கட்டி ஒதுக்கிய பிறகே கழுவுங்கள்.

எலியில் இன்டர்லியூக்கின்-8 தேடுவது

இன்டர்லியூக்கின்-8 வெள்ளணுக்களை அழைக்கும் புரதம். எலிக்கும் சுண்டெலிக்கும் அதற்கான மரபணுவே கிடையாது. சுண்டெலியில் அதே வேலையைச் செய்யும் சிஎக்ஸ்சிஎல்1 பாருங்கள்.

வயதை மறப்பது

சுண்டெலிக் குட்டிக்கு முழுமையான காற்றறைகள் பிறந்த பிறகே உருவாகின்றன. ஆட்டுக்குட்டிக்குப் பெரும்பாலும் கருவிலேயே உருவாகிவிடும். முதல் நாள் சுண்டெலியின் தடித்த சுவரைப் பார்த்துக் காயம் என்று எழுதாதீர்கள். அதே வயதுக் குட்டியோடு ஒப்பிடுங்கள்.

ஒரே ஈற்றுக் குட்டிகளைத் தனித்தனியாக எண்ணுவது

ஒரு தாயின் 8 குட்டிகள் 8 தனி மாதிரிகள் ஆகாது.

தாய் எலியை ஆக்சிஜன் பெட்டியிலேயே விடுவது

காயம் உண்டாக்கக் குட்டிகளை அதிக ஆக்சிஜன் உள்ள பெட்டியில் வைக்கும்போது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தாயை மாற்றுங்கள். குட்டி தாங்கும் ஆக்சிஜனை வளர்ந்த எலி தாங்காது.

ஏற்காட்டு அளவையும் சேலத்து அளவையும் கலப்பது

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய 100 மி.மீ. பாதரசம் குறைவு, அதனால் நல்ல குட்டிக்கும் ரத்த ஆக்சிஜன் குறைவாகவே வரும். 1,000 மீட்டருக்கு மேல் எடுத்த ஆக்சிஜன் விகிதத்தை (ரத்த ஆக்சிஜன் அழுத்தத்தை, சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தது) ஒப்பிடும்போது, கடல்மட்டத்துக்கான வரம்பை, அங்குள்ள காற்றழுத்தத்தை 760-ஆல் வகுத்து வரும் எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள். எடுத்த ரத்தத்தைச் சிரிஞ்சிலேயே வைத்து மலைப்பாதையில் கீழே கொண்டுவரவும் வேண்டாம். ரத்த அணுக்கள் வழியெல்லாம் ஆக்சிஜனைச் செலவழிக்கும். ரத்த ஆக்சிஜனை அளக்கும் கையடக்க அனலைசரை மேலே எடுத்துப்போய் அங்கேயே அளந்துவிடுங்கள்.