திருவாரூரில் எஃப்.எம். ஹாம் ரேடியோவைச் சரியாக வைப்பது எப்படி

ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக இருவழி வானொலியில் பேசுவதற்கான உரிமம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். முதலில் ஸ்குவெல்ச், அதாவது யாரும் பேசாதபோது வரும் இரைச்சலை அடைத்து வைக்கும் அமைப்பு. இரைச்சல் பிடிக்காமல் அதை ஏகத்துக்கும் ஏற்றி வைத்துவிட்டு, "யாருமே வரவில்லை சார்" என்பவர்கள்தான் அதிகம். யாரும் பேசாத அலைவரிசைக்குப் போய் ஸ்குவெல்ச்சை முழுக்கக் குறையுங்கள். சோவென்று இரையும். மெல்ல ஏற்றி, இரைச்சல் அடங்கியதும் மயிரிழை தாண்டி நிறுத்துங்கள். வேதாரண்யம் பக்கமிருந்து குறைந்த சக்தியில் பேசுகிறவரை அதற்கு மேல் ஏற்றினால் இழந்துவிடுவீர்கள். இதைச் செய்யும்போது பக்கத்து வயல் பம்புசெட் ஓடக்கூடாது, அதன் மின் இரைச்சலும் சேர்ந்துவிடும். எங்கள் தெருவில் குறுவை நேரத்தில் அதற்கு இரவு வரை காத்திருக்க வேண்டும்!

அப்புறம் மெனுவில் வைட், நேரோ. பேசும்போது வைட்டில் அலைவரிசை இருபுறமும் 5 கிலோஹெர்ட்ஸ் வரை விலகும், நேரோவில் 2.5. எதிராளி வைட்டிலும் நீங்கள் நேரோவிலும் இருந்தால், அவர் உரக்கப் பேசும்போதெல்லாம் குரல் கரகரவென்று உடையும். தலைகீழாக இருந்தால் குரல் சன்னமாக வரும். செட்டைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

2 மீட்டர் அலைப்பட்டையில் ரிப்பீட்டருக்கு (உங்கள் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) ஷிப்ட், அதாவது நீங்கள் கேட்கும் அலைவரிசையிலிருந்து அனுப்பும் அலைவரிசை தள்ளியிருக்கும் அளவு, வழக்கமாக மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ். ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த ஒலியான டோன் எவ்வளவு என்பதை ரிப்பீட்டரை நடத்துபவரிடமே கேளுங்கள். டோனை அனுப்புவதற்கு மட்டும் போடுங்கள். கேட்பதற்கும் போட்டால், டோன் இல்லாமல் நேரடியாகக் கூப்பிடுகிறவர் உங்களுக்குக் கேட்கவே மாட்டார்.

மைக்கைக் கடிக்காதீர்கள், நான்கு விரல் தள்ளிப் பிடித்தால் போதும்.