மோட்டார் ஹோமில் நல்ல தண்ணீர் டேங்கைக் காலி செய்வது எப்படி

குளிர்காலம் நெருங்கினால் நண்பர்கள் தங்கள் மோட்டார் ஹோமின் (படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. "டேங்கைக் காலி பண்ணியாச்சு, நீ சும்மா ஒரு தடவை பாத்துக்கோ" என்பார்கள். போய்ப் பார்த்தால் டேங்க் காலிதான். ஆனால் சிங்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் சொட்டும். ஹீட்டர் நிறையத் தண்ணீர் இருக்கும். வண்டிக்கு அடியில் உள்ள வால்வைத் திறந்தால் டேங்க் மட்டும்தான் காலியாகும். பம்ப், பைப், ஹீட்டர், ஷவர், ஃப்ளஷ் எல்லாவற்றிலும் தண்ணீர் அப்படியே நிற்கும். உறைபனி விழுந்தால் முதலில் உடைவதும் இவைதான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். பிளாஸ்டிக் இணைப்பு ஒன்றைப் பிளக்க அது தாராளம். குளிரே இல்லாவிட்டாலும், வாரக்கணக்கில் நின்ற தண்ணீரில் உட்சுவர் வழவழத்துப்போகும், நாற்றம் வரும்.

வேலை முழுக்க ஒரே ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது: காற்று உள்ளே வந்தால்தான் தண்ணீர் வெளியே போகும். இது பிடிபட்டால் எந்த வண்டியானாலும் நீங்களே வழி கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதலில் ஹீட்டரை அணையுங்கள். கேஸ், கரண்ட் இரண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் நன்றாக ஆறட்டும். முந்தைய இரவே அணைத்துவிட்டால் காலையில் நிம்மதி. கொதிக்கும் ஹீட்டரின் வடிகால் அடைப்பானைக் கழற்றினால் கை வெந்துபோகும். காலி ஹீட்டரில் கரண்ட் சுவிட்ச் போட்டிருந்தால் சூடாக்கும் கம்பிச்சுருள் எரிந்துவிடும் என்பது வேறு விஷயம். அடுத்து பம்ப் சுவிட்சையும் அணையுங்கள். வெளியிலிருந்து தண்ணீர் இணைப்பு கொடுத்திருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

வண்டியை டேங்க் வால்வு இருக்கும் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கோடு சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள். வால்வு எங்கே என்று தெரியாவிட்டால் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியைத் திறந்து டேங்கைக் கண்டுபிடித்து, அதன் அடிப்பகுதியிலிருந்து போகும் பைப்பைப் பின்தொடருங்கள். சில வண்டிகளில் உள்ளேயே திருகு இருக்கும், சிலவற்றில் கீழே குனிந்துதான் ஆக வேண்டும்.

வால்வைத் திறப்பதற்கு முன் வெளியே உள்ள தண்ணீர் நிரப்பும் மூடியைக் கழற்றுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மூடியிருந்தால் தண்ணீர் கொஞ்சம் பாய்ந்து, களக் களக் என்று விக்கி, பிறகு நூல் மாதிரி ஒழுகும். அந்த விக்கல் சத்தம் கேட்டாலே காற்றுக்கு வழியில்லை என்று அர்த்தம்.

டேங்க் காலியாகிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய் எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுங்கள். ஒற்றைக் கைப்பிடிக் குழாயானால் சூடு, குளிர் இரண்டு பக்கமும் ஒருமுறை திருப்பிவிட்டு நடுவில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் மற்றதில் தண்ணீர் தங்கிவிடும். ஷவர் தலையைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கீழே தரையில் போடுங்கள். வண்டிக்கு வெளியே ஷவர் இருந்தால் அதை மறக்காதீர்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான். டாய்லெட் ஃப்ளஷை அது வறண்டு போகும்வரை அழுத்துங்கள்.

பிறகு தாழ்நிலை வால்வுகள். பைப் ஓட்டத்தில் ஆகத் தாழ்ந்த இடத்தில் இவை இருக்கும். பெரும்பாலும் இரண்டு, சுடுதண்ணீருக்குச் சிவப்பு, குளிர்தண்ணீருக்கு நீலம். இவற்றைத் திறந்ததும் மேலே ஏறி, திறந்த குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தோலை மெல்ல உள்ளே இழுக்கும், கையை எடுத்தால் 'ஸ்ஸ்' என்று காற்றை உறிஞ்சும். அந்த இழுப்பு இருக்கும் வரை கீழே தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. எந்தக் குழாயில் இழுப்பே இல்லையோ, அந்தக் கிளையில் எங்கோ ஒரு வால்வு மூடியிருக்கலாம்.

ஹீட்டருக்குத் தனி வடிகால் உண்டு. வடிகாலில் அடைப்பான் போட்ட ஹீட்டரானால், சுடுதண்ணீர்க் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்து அழுத்தம் போன பிறகே ஸ்பேனரை வையுங்கள். அடைப்பானோடு ஆனோடு கம்பி (ஹீட்டர் அரிக்காமல் இருக்கத் தான் அரிந்துபோகும் கம்பி) வந்தால் எவ்வளவு அரித்திருக்கிறது என்று பாருங்கள். மெலிந்து நடுக்கம்பி தெரிந்தால் புதிது மாற்றுங்கள். ட்ரூமா என்ற நிறுவனத்தின் ஹீட்டர்களில் வரும் ஃப்ராஸ்ட் கன்ட்ரோல் வால்வு சுமார் 3 டிகிரியில் தானாகத் திறந்து ஹீட்டரைக் காலி செய்துவிடும். ஏறக்குறைய 7 டிகிரிக்கு மேல் வந்தால்தான் அதை மூட முடியும். அதை நம்பிச் சும்மா இருப்பவர்கள் உண்டு. அது காப்பாற்றுவது ஹீட்டரை மட்டும், குழாய்களை அல்ல.

கடைசியாக பம்ப். டேங்க் முழுக்கக் காலியானதும், குழாய்களைத் திறந்தே வைத்துப் பம்பைச் சில நொடிகள் மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே மிச்சமிருப்பது துப்பிக்கொண்டு வந்துவிடும். இது டேங்குக்கு வெளியே இருந்து தண்ணீரை உறிஞ்சும் டயாஃப்ரம் பம்புக்கு மட்டும். டேங்குக்குள் மூழ்கியிருக்கும் வகையைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் கருகிவிடும், அதைத் தொடாதீர்கள். ஃபில்டர் இருந்தால் கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டி, கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துவிடுங்கள். கடும் குளிர்ப் பகுதியானால் கம்ப்ரசர் காற்றால் ஊதுவது நல்லது, அழுத்தம் 2 பார் தாண்டாமல். அதற்கு மேல் போனால் இணைப்புகள் கழன்றுகொள்ளும்.

டேங்கின் அடியில் இரண்டு மூன்று லிட்டர் நிற்பது சகஜம், ஏனென்றால் வடிகால் துளை பெரும்பாலும் சரியாக அடியில் இருக்காது. மேல்மூடி கை நுழையும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் ஒரு ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். அப்போதே சுவரைத் தடவிப் பாருங்கள்; வழுக்கினால் அடுத்த முறை நிரப்பும் முன் கிருமிநாசினி போட்டுக் கழுவியாக வேண்டும்.

எங்கே கொட்டுவது என்பதிலும் ஒரு கவனம். சுத்தமான தண்ணீரானால் அனுமதி உள்ள இடத்தில் மண்ணில் விடலாம். பாத்திரம் கழுவிய தண்ணீர் டேங்க் வேறு. அது கழிவுநீருக்கான இடத்துக்குத்தான் போக வேண்டும். குளிரில் நடைபாதையிலோ சாலையிலோ ஓடவிட்டால் பனிக்கட்டியாகி யாராவது வழுக்கி விழுவார்கள்.

எல்லாம் முடிந்ததும் எதையும் மூடாதீர்கள். குழாய், வால்வு, நிரப்பும் மூடி எல்லாம் திறந்தபடி காயட்டும். பூச்சி புகும் என்று தோன்றினால் மூடியில் மெல்லிய வலைத்துணி கட்டிக்கொள்ளுங்கள். ஹீட்டர் சுவிட்ச் மேல் 'தண்ணீர் இல்லை' என்று எழுதி டேப் ஒட்டிவிடுங்கள். மறுபடி நிரப்பி, சுடுதண்ணீர்க் குழாயில் காற்று துப்புவது நின்று சீராக ஓடத் தொடங்கிய பிறகே அந்த டேப்பைக் கிழியுங்கள்.