சுவரை அளந்துவிட்டு ஓவியரைக் கூப்பிடுங்கள்

கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் எங்கள் கலை மையம் நடக்கிறது. ஒரு கூடம், இரண்டு அறை, நடுவில் முற்றம். ஆண்டுக்கு நான்கு கண்காட்சி வைக்கிறோம். தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுவரை அளந்து ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஜன்னல், ஸ்விட்ச் போர்டு, ஓதம் ஏறும் இடம் எல்லாம் அதில் இருக்கட்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஆணி நிற்காது, உதிரும். அதனால் நாங்கள் மேலே நீளவாக்கில் ஒரு இரும்புக் குழாய் பொருத்தி, அதிலிருந்து கம்பியில் படங்களைத் தொங்கவிடுகிறோம்.

அடுத்தது தேதி. திறப்பு விழாவை முகூர்த்த நாளில் வைக்காதீர்கள், ஊரே கல்யாண மண்டபத்தில் இருக்கும். ஆடி மாதம் எங்களுக்கு ராசியான மாதம். ஐப்பசி, கார்த்திகையில் காகித வேலைகளே வேண்டாம். ஒருமுறை வைத்தோம். பதினைந்தே நாளில் ஒரு நீர்வண்ண ஓவியத்தின் மூலையில் பூஞ்சை பிடித்துவிட்டது. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் இடைவெளி விட மவுண்ட் அட்டை வைத்திருக்க வேண்டும். நாங்கள் கவனிக்கவில்லை. அந்த ஓவியரிடம் போய் நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. இப்போது மழைக்காலத்தில் சுடுமண், உலோகம், வீடியோ மட்டும்தான். வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலை பக்கத்திலேயே இருப்பதால் வெண்கலத்தில் புதிதாக எதையாவது செய்து பார்க்கும் பிள்ளைகள் கிடைக்கிறார்கள்.

ஆறு மாதம் முன்னாலேயே படைப்புகளைத் தேர்ந்துவிடுங்கள். எங்கள் குழுவில் மூன்று பேர்: ஓர் ஓவியர், ஒரு பள்ளி ஆசிரியை, எங்கள் தெருத் தையற்காரர். தையற்காரர் எதற்கு என்று கேட்பார்கள். நிறமும் விளிம்பும் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எனக்குத் தெரியாது.

படைப்பு வந்து இறங்கியதும் நான்கு மூலையையும் பின்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். கீறல் இருந்தால் எழுதி, ஓவியரிடம் கையெழுத்து வாங்குங்கள். விலை, மையத்தின் பங்கு, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதெல்லாம் அதே தாளில் வரட்டும்.

மாட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்க வேண்டும். படம் 30 அங்குல உயரம் என்றால் பாதி 15. பின்னால் உள்ள கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்புக்கு 4 அங்குலம் கீழே நிற்கிறது. 57-உடன் 15-ஐக் கூட்டி 4-ஐக் கழித்தால் 68. குழாயிலிருந்து தொங்கும் கம்பியில் கொக்கி அந்த உயரத்தில் வர வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் எல்லாப் படங்களையும் தரையில் சுவரோரம் சாய்த்து, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் பார்த்தால் எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்துவிடும். வெளிச்சம் காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் போதும். முற்றத்து வெயில் நேராக விழும் சுவரைக் காலியாக விட்டுவிடுகிறோம்.

இனி நான் அதிகம் மல்லுக்கட்டும் விஷயம், படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டும் குறிப்பு. இங்குள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த ஒரு பெண், பழைய தறி நாடாக்களை, அதாவது தறியில் ஊடுநூலைச் சுமந்து குறுக்கே ஓடும் மரக்கட்டைகளை, வரிசையாகத் தொங்கவிட்டு ஒரு படைப்பு செய்தாள். ‘நினைவின் இழைகள் வழியே இன்மையை உசாவுதல்’ என்று எழுதிக் கொடுத்தாள். வாசலில் பூ விற்கும் அக்காவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். “சரிம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து மாற்றி எழுதினோம்: ‘இந்த நாடாக்கள் திருபுவனத்தில் என் தாத்தா நெய்த தறியில் ஓடியவை. தறியை விறகுக்குப் போட்டோம். இவை மட்டும் மிச்சம்.’ அக்கா திரும்ப வந்து, நாடா ஒன்றின் தேய்ந்த பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். குறிப்பு 60 சொல்லுக்குள் இருக்கட்டும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன் தெருவில் யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

பணத்துக்குப் பெரிய ஓவியம் விற்கும் என்று காத்திருக்க வேண்டாம். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, அங்கிருந்தவர்கள் மெழுகு பூசிச் சாயமிடும் பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்றுத்தான் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றினார்கள். அந்த வழியில் நாங்களும் ஓவியர்களின் சிறு அச்சுப் பிரதிகளை வாசல் மேசையில் வைக்கிறோம். மின்கட்டணத்துக்கு அது போதுகிறது.

கண்காட்சி முடிந்ததும் முதலில் எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டும். அக்ரிலிக் படத்தின் மேல் முதலில் பட்டர் பேப்பர், அதற்கு மேல் குமிழித் தாள் (பபிள் ராப்). குமிழி வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் வைத்தால், லாரி வெயிலில் தஞ்சாவூர் தாண்டுவதற்குள் வட்டம் வட்டமாக வண்ணத்தில் பதிந்துவிடும்.