பனியில் 4×5 கேமரா: மூச்சை அடக்கினால் பாதி வேலை முடிந்தது

மைனஸ் 20-ல், 4×5 அங்குல ஃபிலிம் தாள் போடுகிற லார்ஜ் ஃபார்மட் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் முதலில் படுத்துவது நம் மூச்சுதான். கேமராவின் பின்னால் போர்த்துகிற கருந்துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரிகிற மரங்களை லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து ஃபோகஸ் செய்துகொண்டிருக்கும்போதே, பிம்பம் விழுகிற கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸ் வெள்ளையாகிவிடும். ஈரம்தானே என்று விரலால் துடைக்காதீர்கள், அதற்குள் அது உறைந்திருக்கும், தேய்த்தால் இன்னும் பரவும். பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்து உள்ளே இருப்பதால் வெளிப்பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மேலே ஃப்ரெனல் தகடு (பிம்பத்தைப் பிரகாசமாக்கும் பிளாஸ்டிக் தகடு) இருந்தால் சுரண்ட வேண்டாம், கீறல் விழும். அதைவிட நல்ல வழி, துணிக்கு வெளியே மூச்சை இழுத்து, உள்ளே போய்ப் பார்த்து, வெளியே வந்து விடுவது. நீச்சல் பழகுகிற மாதிரி இருக்கும், ரெண்டு மூணு தடவையில் பழகிவிடும்.

நான் போவது பெரும்பாலும் பிப்ரவரியில், ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பார்க்கில், நெடுஞ்சாலை 60-ஐ ஒட்டிய ஏரிக்கரைகளுக்கு. ஆழமான பனியில் டிரைபாட் வைப்பதே தனி வேலை. கால்களை முழுதாக விரித்துவிட்டு மேலிருந்து அழுத்தினால், பனி அவற்றை இன்னும் விரிக்கப் பார்க்கும், மூட்டு உடையலாம். கொஞ்சம் ஒடுக்கி வைத்து அழுத்துங்கள், இறங்க இறங்க அதுவாகவே விரியும். அதற்கு முன்பு அந்த இடத்தை மிதித்துக் கெட்டியாக்கி ஒரு பத்து நிமிடம் விட்டுவிட்டால் பனி இறுகிவிடும். அப்புறம் ஃபோகஸ் செய்தபின் டிரைபாட் பக்கத்தில் நடமாடாதீர்கள், நீங்கள் கால் மாற்றி நின்றாலே கேமரா சாயும்.

ஷட்டரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். குளிரில் பழைய எண்ணெய் கெட்டிப்படும், அது உண்மை. அடி வாங்குவது முக்கியமாக 1 நொடி, 1/2 நொடி மாதிரி மெதுவான வேகங்கள், ஏனென்றால் அவற்றைத் தாமதப்படுத்த உள்ளே பல்சக்கரங்கள் ஓட வேண்டும். ஃபிலிம் போடுமுன் நாலைந்து தடவை சும்மா அடித்துக் காதால் கேளுங்கள். இழுக்கிற மாதிரி இருந்தால் B-யில் (அழுத்திப் பிடிக்கிற வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) வைத்து நீங்களே எண்ணிவிடுங்கள்.

வெளிச்சம் அளப்பதில்தான் நிறைய ஃபிலிம் வீணாகிறது. மீட்டருக்குப் பனி என்று தெரியாது, பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கிவிடும். சின்ன இடத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரால் வெயில் படுகிற, மேடுபள்ளம் தெரிகிற பனியை அளந்து, கறுப்பு வெள்ளை என்றால் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டுங்கள். ஸ்லைடு ஃபிலிம் என்றால் நான் ஒன்றரைக்கு மேல் போகமாட்டேன். கறுப்பு வெள்ளையில் மஞ்சள் ஃபில்டர் ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும், அதற்கென்று 1 ஸ்டாப் சேர்க்க வேண்டும். பனியில் விழும் நிழல் நீல வானத்தின் வெளிச்சத்தால் நீலமாக இருக்கும், மஞ்சள் அதை அடக்கிவிடும், அப்போதுதான் காற்று வரைந்த கோடுகள் எழும்பி நிற்கும். மீட்டரை வெளியே தொங்கவிடாமல் உள்சட்டைப் பையில் வையுங்கள், பேட்டரி தாங்கும்.

ஃபிலிம் தாள் இருக்கும் ஹோல்டரை மூடுகிற தகடான டார்க் ஸ்லைடை இழுக்கும்போது அவசரமே கூடாது. குளிர்காற்று வறண்டது, சர்ரென்று இழுத்தால் மின்பொறி பறக்கும். என்னுடைய ஒரு நெகட்டிவில் வானத்தின் குறுக்கே சின்ன வேர் ஓடிய மாதிரி ஒரு தடம், ஊரில் மின்னல் படம் எடுத்தாயா என்று நண்பர்கள் கேட்டார்கள். இன்னொன்று: எடுத்த தாளா எடுக்காத தாளா என்று இருட்டில் தெரிந்துகொள்ள டார்க் ஸ்லைடின் கைப்பிடியில் புள்ளிகள் இருக்குமே, தடித்த கையுறையோடு அது விரலுக்குத் தெரியாது. உள்ளே மெல்லிய கையுறை, மேலே கழற்றிப் போடுகிற தடித்தது என்று ரெண்டடுக்காகப் போடுங்கள். ஹோல்டரில் பனித்தூள் விழுந்தால் ரப்பர் ஊதியால் தட்டுங்கள், வாயால் ஊதினால் அங்கேயே உறைந்துவிடும்.

சரி, படம் எடுத்தாயிற்று. இனிமேல்தான் நான் செய்த முட்டாள்தனம் வருகிறது. முதல் வருஷம் காபி குடிக்கலாம் என்று கேமராப் பையோடு ஒரு கடைக்குள் போய்விட்டேன். திறந்து பார்த்தால் லென்ஸ், பெல்லோஸ் (கேமராவின் மடிப்புத் துருத்தி), ஹோல்டர் எல்லாம் வியர்த்துக்கொட்டியிருந்தன, அன்றைய வேலை அதோடு போயிற்று. ராபர்ட் ஸ்காட்டின் தென்துருவப் பயணத்தில் 1911-ல் குடிசையில் தங்கியிருந்த புகைப்படக்காரர் ஹெர்பர்ட் பாண்டிங் தன் கேமராக்களை உள்ளே கொண்டுவராமல் வெளியிலேயே விட்டுவைத்தது இதனால்தான். நீங்களும் அலைகிற வரைக்கும் காரின் டிக்கியிலேயே வையுங்கள். வீட்டுக்குள் கொண்டுபோகுமுன், குளிரில் நிற்கும்போதே எல்லாவற்றையும் பெரிய ஜிப் பைகளில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடிவிடுங்கள், ஈரம் பைக்கு வெளியே படியும். எடுத்த ஹோல்டர்களைத் தனிப் பையில் போடுங்கள். அன்றைக்கே டெவலப் செய்யக் கை துறுதுறுக்கும். பை அறைச் சூட்டுக்கு வருகிறவரை திறக்காதீர்கள், நான் காலையில்தான் திறக்கிறேன்.