குளிர்ப் பிரதேசத்தில் சமையலறையைப் புதுப்பிக்கிறீர்களா? முதலில் சுவரைப் பாருங்கள்

சமையலறையைப் புதுப்பிக்கலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானோர் முதலில் பேசுவது அலமாரிக் கதவின் நிறத்தையும் மேடைக் கல்லையும் பற்றித்தான். நீங்கள் இருப்பது கடுங்குளிர் ஊர் என்றால் அந்தப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பழைய அலமாரிகளைக் கழற்றிவிட்டுச் சுவர் வெறுமையாக நிற்கிற சில நாட்கள் வரும் பாருங்கள், அதற்கப்புறம் பதினைந்து இருபது வருஷத்துக்கு அந்தச் சுவரை யாரும் தொடப்போவதில்லை. வீட்டுச் சூடு வெளியே ஓடுகிற வழிகளை அடைக்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. மூங்கில் பலகையும் மறுசுழற்சிக் கண்ணாடி மேடையும் நல்லவைதான், ஆனால் சூடு ஒழுகுகிற சுவருக்கு முன்னால் அவற்றை வைத்தால் ஹீட்டர் எரித்துத் தள்ளுகிற எரிபொருளில் அந்த நன்மையெல்லாம் கரைந்துவிடும்.

எதையும் உடைப்பதற்கு முன், காற்று பலமாக அடிக்கிற ஒரு குளிர்நாளில் வெளிச்சுவரை ஒட்டிய கீழ் அலமாரியைத் திறந்து பின்பலகையைத் தொட்டுப் பாருங்கள். அறை இதமாக இருக்கும், உள்ளே அடுக்கியிருக்கும் தட்டுகள் மட்டும் ஐஸ் மாதிரி இருக்கும். மூலையில் கறுப்புப் புள்ளிகளும் ஒரு புழுங்கல் வாடையும் இருந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அர்த்தம். அலமாரி அறைச் சூட்டைச் சுவருக்குப் போகவிடாமல் மறைப்பதால் அதன் பின்னால் இருக்கும் பகுதி மற்ற சுவரைவிடக் கூடுதலாகக் குளிர்கிறது. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், சுமார் 9 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் நீர் முத்து முத்தாகப் படியும். சோறு வேகிற ஆவி எங்கே போகிறது என்று இப்போது புரியும்.

அப்புறம் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு மெதுவாகச் சுற்றி வாருங்கள். சிங்க்குக்குக் கீழே குழாய் சுவருக்குள் நுழைகிற ஓட்டை, பிளக் பாயின்ட், ஜன்னல் சட்டம், தரையும் சுவரும் சேரும் இடம், மேல் அலமாரிக்கு மேலே உள்ள மூடிய பெட்டிப் பகுதி ஆகிய இடங்களில் நேராகப் போகிற புகை திடீரென்று வளைந்தால் அங்கே கசிவு இருக்கிறது. சாக்பீஸால் குறி போட்டு, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை தொடங்கியதும் எல்லாம் தூசியில் மறந்துபோகும்.

முதலில் கசிவுகளை அடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இன்சுலேஷன், அதாவது சூடு வெளியேறாமல் தடுக்கிற பொருளைச் சுவரில் வைப்பது. பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். ஓட்டை இருக்கிற சுவரில் எவ்வளவு பஞ்சு திணித்தாலும் காற்று அதற்குள் புகுந்து போய்க்கொண்டேதான் இருக்கும். பழைய செய்தித்தாளிலிருந்து செய்கிற செல்லுலோஸ், மரநார்ப் பலகை, கார்க், பாறைக் கம்பளி எல்லாமே நல்ல தேர்வுகள். ஃபோம் தேவைப்படுகிற குறுகலான இடங்கள் உண்டு, ஆனால் சில ஃபோம்களை உப்பவைக்கப் பயன்படுத்தும் வாயு கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும், அதனால் எந்த வாயு என்று கேட்டு வாங்குங்கள். அறையின் ஈர ஆவி சுவருக்குள் புகாமல் தடுக்கிற ஈரத்தடுப்புத் தாள் குளிர்ப் பிரதேசத்தில் சுவரின் சூடான பக்கம், அதாவது அறைப் பக்கம்தான் வர வேண்டும். பழைய செங்கல் சுவராக இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். உள்பக்கம் தடியாக இன்சுலேஷன் போட்டதும் செங்கல் முன்பைவிடக் குளிர்ந்து, ஈரம் காயாமல், உறைபனியில் உதிரத் தொடங்கலாம். அந்த மாதிரிச் சுவரில் அனுபவமுள்ளவரை ஒருமுறை வரவழைத்துக் காட்டுங்கள், அந்தக் காசு வீண்போகாது.

குழாய் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். தண்ணீர்க் குழாய் வெளிச்சுவருக்குள் ஓடவே கூடாது. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரிகிறது, செம்புக் குழாயானாலும் வெடித்துவிடும். ஜன்னலுக்குக் கீழேதான் சிங்க் வேண்டும் என்றால் குழாயைத் தரை வழியாக மேலே கொண்டுவந்து, வெளிச்சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் இன்சுலேஷன் வையுங்கள். குழாய்க்கு அறைப் பக்கத்தில் அதை வைத்தால் அறைச் சூடு குழாயை எட்டாது, உறைவதற்கு நாமே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகும். வெந்நீர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதையும் அளந்து பாருங்கள். 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் 10 மீட்டர் ஓடினால் அதில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும், ஒவ்வொரு தடவையும் அது சூடாகிக் குழாயிலேயே ஆறிப்போகிறது. சிங்க்கை வெந்நீர் ஹீட்டருக்குப் பக்கம் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள், முடியாவிட்டால் குழாய்க்கு உறை போடுங்கள்.

அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "கேஸ் அடுப்பில் வீணாகிற சூடு குளிர்காலத்தில் வீட்டுக்குள்தானே இருக்கிறது, அதில் என்ன நஷ்டம்?" என்று கேட்பார்கள். சரி, சூடு இருக்கும். கூடவே நுரையீரலை உறுத்துகிற நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவும் இருக்கும். 1 கிலோ மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோ நீர் ஆவியாக வருகிறது, ஜன்னல்கள் அடைத்தே கிடக்கிற மாதங்களில் அது நேராகக் குளிர்ந்த மூலைகளைத் தேடிப் போகும். புகையை வெளியேற்ற அடுப்புக்கு மேலே மாட்டிய மின்சாரச் சிம்னியைப் போட்டாலோ சூடும் சேர்ந்து வெளியே போய்விடும். இண்டக்ஷன் அடுப்பில் சூடு பாத்திரத்திலேயே உண்டாவதால் வீணாவது குறைவு, சிம்னியையும் மெதுவான வேகத்தில் ஓட்டினால் போதும். இப்போதைக்குக் கேஸ்தான் என்றாலும், சுவர் திறந்திருக்கும்போதே இண்டக்ஷனுக்குத் தேவையான தனி வயரை இழுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சிம்னி வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக வேறு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கசிவையெல்லாம் அடைத்த வீட்டில் அது புகைபோக்கி வழியாகவோ கேஸ் ஹீட்டரின் குழாய் வழியாகவோ திரும்பி வரலாம், அப்படி வந்தால் கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். இது உயிருக்கே ஆபத்து. அதனால் வீட்டில் நெருப்பு எரிகிற எந்தக் கருவி இருந்தாலும் காற்று உள்ளே வருவதற்குத் தனி வழி வைத்து, கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டுங்கள். வாங்கும்போது அதிக சக்தியுள்ள சிம்னியைத் தேடுவதைவிட முன் பர்னர்களையும் மூடுகிற அகலத்தில் ஒன்றைத் தேடுவது மேல். சிம்னிக் குழாயில் தானாக மூடிக்கொள்ளும் தடுப்பு இருக்க வேண்டும். கூரைக்கு அடியிலுள்ள குளிர்ந்த மாடப்பகுதி வழியாகப் போகிற நீளத்துக்கு உறை போடாவிட்டால் உள்ளே படிகிற நீர் அடுப்பின் மேலேயே சொட்டும்.

ஜன்னலை மாற்றுவதாக இருந்தால் மூன்று அடுக்குக் கண்ணாடி. செலவு கூடுதல்தான், ஆனால் கடுங்குளிரில் அதன் பக்கத்தில் நின்று காய் நறுக்கினால் தோளில் அந்தச் சில்லிப்பு இறங்காது.

அலமாரியைப் பொறுத்தவரை பெட்டி உறுதியாக இருந்தால் கதவை மட்டும் மாற்றுவதே எல்லாவற்றிலும் பசுமையான வழி. புதிதாகச் செய்வதென்றால் ஃபார்மால்டிஹைடு என்ற நெடியுள்ள வாயுவைக் குறைவாக வெளியிடும் பலகை என்று சான்றிதழைப் பார்த்து வாங்குங்கள், காற்றோட்டம் குறைந்த குளிர்காலத்தில் அந்த நெடி வீட்டுக்குள்ளேயே சுற்றும். வெளிச்சுவரில் மாட்டுகிற அலமாரிக்குப் பின்னால் ஒரு விரல் இடைவெளியும், மேலும் கீழும் காற்றுப் போக வழியும் விடச் சொல்லுங்கள். தரைக்கு ஆளிவிதை எண்ணெயில் செய்கிற அசல் லினோலியம் அல்லது கார்க், இரண்டுமே காலுக்கு டைல்ஸ் மாதிரிச் சில்லிடாது. மேடைக்குச் செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதை அறுக்கும்போது பறக்கிற சிலிக்கா தூசி தொழிலாளர்களின் நுரையீரலை அழிக்கிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது.

பழைய ஃப்ரிட்ஜைச் சூடில்லாத பின்கட்டுக்குத் தள்ளும் எண்ணம் இருந்தால் முதலில் அதன் விவரச்சீட்டைப் பாருங்கள், பல மாடல்கள் 10 டிகிரிக்குக் குறைவான இடத்தில் சரியாக ஓடாது.

வேலையைக் குளிர் போனபின் தொடங்குங்கள், பல பசைகளும் சீலன்டுகளும் 5 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. பழைய வீடு என்றால் தரையையோ சுவரையோ உடைக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸுக்கும் ஈயப் பெயின்டுக்கும் சோதனை செய்தே ஆக வேண்டும். மரத் தரை போடுவதானால் பலகைகளை வீட்டுக்குள் சில நாட்கள் வைத்துப் பழகவிட்டு அதன்பின் பதியுங்கள், ஈரமான கோடையில் இறுக்கிப் பதித்த பலகை ஹீட்டர் ஓடும் மாதங்களில் சுருங்கி இடைவெளி விடும்.

சுவரை மூடுவதற்கு முந்தைய நாள் மாலை மறுபடி அந்த ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு சாக்பீஸ் குறிகள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பாருங்கள். வயரும் குழாயும் ஓடுகிற இடத்தில் அளவுநாடாவைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புகை எங்காவது இன்னும் வளைந்தால், மறுநாள் காலை தச்சரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு அதை அடைத்துவிடுங்கள்.